குறையில்லாத இடத்தில் ஒட்டிய அம்பு

என் தங்கை எழுதிய பாட்டில் குறை ஒன்றும் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன்.

இதுதான் விஷயம். இனி எழுதப்போவதெல்லாம் அதை எப்படிச் சொன்னேன், எதற்குச் சொன்னேன் என்பதுதான். படித்துவிட்டு என்னைத் தேற்ற வர வேண்டாம். தேற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் எட்டாவது வரை படித்தவள். சிங்காநல்லூரை ஒட்டி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேஜையில் விரிக்க வேண்டும். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பின் முனை குறையைக் காட்ட வேண்டும். குறை இல்லாத பீஸுக்கு எதுவும் ஒட்டுவதில்லை. அது பேசாமல் அடுத்த மேஜைக்குப் போய்விடும்.

நல்லதற்கு எங்களிடம் ஸ்டிக்கரே கிடையாது. இதை நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேஜையில் சினிமாப் பேச்சு ஓடும். பாட்டு, சீரியல், டிவியில் வரும் பாட்டுப் போட்டி… எதைப் பார்த்தாலும் 'சூப்பர்' என்பார்கள். அழுவதும் சூப்பர், அடிப்பதும் சூப்பர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படம் எடுத்தவன் பாதியில் கதையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான், இவர்களுக்கு அது தெரியவில்லையே என்று.

ஒரு நாள் சொல்லிவிட்டேன், நேற்றுப் பார்த்த படத்துக்குக் கழுத்தே கோணல் என்று.

மேஜையே சிரித்தது. அப்புறம் கை எப்படி அக்கா, தோள் எப்படி அக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேலிக்குத்தான் கேட்டார்கள். நான் கேலியாகப் பதில் சொல்லவில்லை. எனக்குக் கேலி வராது.

அப்படித்தான் என் கணக்கு உண்டானது. பனியனைப் பார்க்கிற வரிசையிலேயே படத்தையும் பார்த்தேன். முதலில் கழுத்து, அதாவது ஆரம்பம். தலை நுழைகிறதா இல்லையா? பிறகு தோள். கதையின் பாரம் இரண்டு பக்கமும் சமமாக இறங்குகிறதா, இல்லை எல்லாவற்றையும் ஒருத்தன் தலையிலேயே கட்டியிருக்கிறார்களா? பக்கத் தையல் என்பது ஒரு காட்சியோடு அடுத்த காட்சி சேருகிற இடம். கடைசியில் கீழ் மடிப்பு. முடிக்கத் தெரியாதவன் அங்கேதான் மாட்டுவான்.

நூல் பிசிறு மைனர். கத்தரித்தால் போய்விடும். ஓட்டையும் கறையும் மேஜர். மைனர் மூன்று சேர்ந்தால் ஒரு மேஜர். மேஜர் ஒன்று இருந்தாலே பீஸ் தள்ளுபடி. கம்பெனிச் சட்டம் அதுதான், என் சட்டமும் அதுதான்.

எல்லாம் பார்த்த பிறகு உள்பக்கம் திருப்ப வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. வெளியே பளபளவென்று இருக்கும். திருப்பினால் ஒட்டுப்போட்டது தெரியும். ஒரு பாட்டைத் திருப்பிப் பார்ப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? இதைப் பாடுகிறவளுக்கு நிஜமாகவே வலித்ததா, இல்லை வலித்த மாதிரி தைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான். வேறு வித்தை இல்லை.

பொய் சொல்லக் கூடாது என்பது மட்டும் அதில் கட்டாயம். குறையில்லாத இடத்தில் அம்பு ஒட்டினால் அது தைத்தவளின் கூலியில் விழும். அப்படி ஒட்டிய ஒருத்தியை எங்கள் மேஜையிலிருந்து நானே விரட்டியிருக்கிறேன். ஆமாம்… நானே!

என் பேச்சுக்கு மெல்ல மெல்ல மதிப்பு வந்தது. "செல்வியக்கா பார்த்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்று அடுத்த ஷிப்டிலிருந்துகூடக் கேட்டு அனுப்புவார்கள். நான் தள்ளுபடி என்றால் ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குப் போக மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி நடந்துகொண்டேன்.

இனி வீட்டைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் லாரியில் போகிறவர். மாதத்தில் பாதி நாள் இருக்க மாட்டார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொண்டது என் தங்கை மகேசு. திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவள்தான். நான் காலையில் கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன்.

மகேசுவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்று சொல்வது பாதிப் பொய். நாங்கள் பார்க்கவில்லை. அண்ணனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவள் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது? இதை நாங்கள் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. பேசாமலேயே முடிவு செய்துவிட்டோம்.

அண்ணனுக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக் கடையில் மேனேஜர் வேலை. மாதம் ஒருமுறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார். அம்மாவுக்குப் பல்லே கிடையாது. அது அவருக்குத் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்பார். "மகேசு இருக்கிறவரைக்கும் நமக்குக் கவலை இல்லீங் கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார். அந்த ஆப்பிளை வாசலிலேயே வீசத் தோன்றும். வீசியதில்லை. அறுத்துத் தின்றேன்.

எங்கள் பக்கம் வள்ளி கும்மி இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. வாத்தியார் ஒருவர் பாட, பெண்கள் ஒரே நிறத்தில் சேலை கட்டி வட்டமாக நின்று ஆடுவார்கள். மாதக்கணக்கில் பழகிவிட்டு, ஒரு கோயில் மைதானத்தில் சலங்கை கட்டி அரங்கேற்றம் செய்வார்கள். எங்கள் கம்பெனிப் பெண்கள் சிலர் அதில் சேர்ந்தார்கள். மகேசுவும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தானே, அன்றைக்கு நீ வீட்டில்தானே இருப்பாய் என்றாள். போ என்றேன். அதில் எனக்கு நஷ்டம் இல்லை.

அந்த வாத்தியார் காதுக்கு என் செக்கிங் சமாச்சாரம் போய்விட்டது. ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரியை அம்மாவிடம் உட்காரவைத்துவிட்டு, மகேசு ஆடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். அவரே தேடிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, சினிமாக்காரனுக்கு மட்டுந்தான் ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா? நம்ம பாட்டுக்கும் ரெண்டு ஒட்டிப்போடுங்க, பார்க்கலாம்" என்றார்.

ஒட்டினேன். முருகன் கிழவனாக வரும் இடத்தில் நாலு வரி தொய்கிறது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அந்த நாலு வரியை எடுத்துவிட்டுப் பாடினார். ஆட்டம் எகிறியது. பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்தப் புதுப் பாட்டானாலும் 'செக்கிங் அம்மணி கேட்டாச்சா?' என்பார்.

மகேசு பாட்டு எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. அம்மாவைத் துடைக்கும்போது ஏதோ முணுமுணுப்பாள். சினிமாப் பாட்டு என்று நினைத்திருந்தேன்.

வள்ளி தினைப்புனம் காக்கிற இடத்துக்கு ஒரு பாட்டு கட்டியிருக்கிறேன் என்று அவளே வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் சந்தோஷப்பட்டாராம். பாட்டு சரியாக அமைந்தால் ஆனைமலை அரங்கேற்றத்தில் அம்மணியே நின்று பாடட்டும் என்றாராம். அதோடு நிற்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம், உடுமலைப் பக்கம் எல்லாம் புதுக்குழுக்கள் கேட்கிறார்கள், பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண் இருந்தால் நல்லது, தங்க இடமும் சம்பளமும் உண்டு என்றாராம். ஆனால் முதலில் அக்காவிடம் பாடிக்காட்டி ஓகே வாங்கிவிட்டு வா என்று அனுப்பினார்.

என்னிடம்!

அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த மத்தியானம். மகேசு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். வெட்கப்பட்டாள். "கேட்டுப்போட்டு உள்ளதைச் சொல்லுக்கா. தங்கச்சின்னு பார்க்காதே" என்றாள். பாடினாள்.

முழுப்பாட்டையும் இங்கே எழுத மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை. நாலு வரி மட்டும்.

ஆலோலம் பாடச் சொல்லி அப்பன் போட்டான் பரண்மேலே
ஆசையென்ன என்று கேட்க ஆளே இல்லை தரைமேலே
கிளிக்கும் குருவிக்கும் கூடு உண்டு போவதற்கு
தினைக்குக் காவலென்று நான் நின்றேன் காய்வதற்கு

கழுத்தைப் பார்த்தேன். தலை நுழைந்தது. தோளைப் பார்த்தேன், தையலைப் பார்த்தேன், மடிப்பைப் பார்த்தேன். ஒரு பிசிறுகூட இல்லை. என் கை தானாக மடியில் தேடியது, அம்பு ஒட்ட. ஒட்ட இடம் இல்லை.

பிறகு உள்பக்கம் திருப்பினேன்.

உள்ளே நான் இருந்தேன்.

அப்பன் என்று அவள் பாடியது அப்பனை இல்லை. எங்கள் அப்பன் செத்து எத்தனையோ காலம் ஆகிறது. அவளைப் பரண்மேல் ஏற்றி உட்காரவைத்தது யார்? ஆசை என்னவென்று கேட்காமல் கீழே நின்றது யார்? அவள் என்னை நினைத்துப் பாடவில்லை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியும். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வள்ளியைத்தான் பாடினாள். ஆனாலும் அது என் மேல் வந்து விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டிய இடத்தில் கோபம் வந்தது. நான் என்ன சும்மாவா இருக்கிறேன்? நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறேன்! என் கால் நரம்பைப் பார்த்திருக்கிறாயா நீ? உனக்குச் சோறு போடுவது யார்? ஆர்.எஸ்.புரத்துக்காரனைப் பாடேன், அவனை ஏன் விட்டாய்?

இதில் ஒன்றையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது வந்திருக்கும். சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவள் ஆனைமலைக்குப் போய்விட்டால், அங்கிருந்து பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் போய்விட்டால், நாளைக் காலையில் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைப்பது யார்? நான்தான். கம்பெனியை விட்டு, மேஜையை விட்டு, 'செல்வியக்கா என்ன சொன்னாங்க' என்பதையெல்லாம் விட்டு… அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்.

"ஒரு மேஜர் இருக்கு" என்றேன்.

"எங்கக்கா?"

"கடைசியில. கல்யாணம் ஆகப்போற வள்ளி, காய்ஞ்சு நிக்கறேன்னு பாடலாமா? சாமி முன்னால பாடற பாட்டு. நாளைக்கு ஊர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, அந்தப் பொண்ணு வாய் வெச்சதாலதான்னு உன்னையத்தான் சொல்லுவாங்க."

பார்த்தீர்களா? எவ்வளவு சரியாக ஒட்டினேன் பார்த்தீர்களா? அரங்கேற்றத்தில் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை மங்கலமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிற ஊர் இது. குழந்தைக்காக வேண்டிக்கொண்டு ஆடுகிறவர்கள் உண்டு, கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு ஆடுகிறவர்கள் உண்டு. அவர்கள் நடுவில் போய் 'காய்ந்து நின்றேன்' என்று பாடுவதா? எவளும் நம்புவாள். மகேசு நம்பினாள். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு.

"அந்த ஒரு வார்த்தையை மாத்திப்போட்டா ஆகாதாக்கா?" என்று கேட்டாள்.

ஆகும். ஒரு வார்த்தைதானே! பிரித்துத் தைத்தால் முடிந்துபோகிற வேலை. கம்பெனியில் அதைத் தள்ளுபடி செய்தால் சூப்பர்வைசர் என்னைக் காய்ச்சி எடுத்துவிடுவார்.

"பிரிச்சா ஊசி போன ஓட்டை தெரியும். விட்டுரு. உனக்கு ஆட்டம் வருது, பாட்டு வரல" என்றேன்.

அவள் அழவில்லை. அம்மா முனகினாள். மகேசு எழுந்து போய்த் திருப்பிப் படுக்கவைத்தாள்.

வாத்தியார் போனில் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். "அய்யோ, ஆமாமுங்க! நல்லவேளை சொன்னீங்க. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். பாட்டை ஒரு தரம் பாடச் சொல்லிக் கேட்கவில்லை அந்த மனுஷன். ஊரெல்லாம் சலங்கை கட்டிவிடுகிற வாத்தியார், காதைக் கடன் வாங்கிப் பிழைத்தார். அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஒரு தரம் கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். என் பொய் அங்கேயே உடைந்திருக்கும். உடைந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அவரைத் திட்டி நான் தப்பிக்கப் பார்க்கிறேனா? இருக்கலாம். அண்ணனைத் திட்டியதும் அதற்குத்தான் போல. நீங்களும் யோக்கியம் இல்லை. கையில் போன் இருக்கிறது என்று படத்துக்கும் பாட்டுக்கும் நட்சத்திரம் போடுகிறீர்களே, ஒருமுறையாவது உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா, அங்கே உங்கள் முகம் இருக்கிறதா என்று? உங்களைப் பிடிக்காத பாட்டைத்தானே நீங்களும் பிடிக்காத பாட்டு என்கிறீர்கள்?

சரி. என் கதைக்கு வருகிறேன்.

ஆனைமலை அரங்கேற்றத்துக்கு நான் போனேன். செக்கிங் அம்மணி வராமலா என்று வாத்தியார் வேன் அனுப்பினார். மகேசுவுக்கும் சேலை எடுத்திருந்தார்கள், பச்சை நிறம். அம்மாவுக்குக் காய்ச்சல், நீ போய்விட்டு வா என்றாள். ஆடக்கூட வரவில்லை. அம்மாவோடு அவள் இருந்தாள், அவள் இடத்தை வெறுமையாக விட்டுக் குழு ஆடியது, நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தில் மாலை வேறு போட்டார்கள்.

தினைப்புனத்துக்கு வாத்தியார் வேறொரு பாட்டு வைத்திருந்தார். கழுத்து கோணல், பக்கம் பிரிந்து தொங்குகிறது, ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறது. எண்ணினால் ஸ்டிக்கர் போதாது. ஜனம் கைதட்டியது. எப்படி அம்மணி என்று வாத்தியார் மேடையிலிருந்து கையாலேயே கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அன்றைக்கு என் கணக்கு செத்தது.

வீட்டுக்கு வந்தால் மகேசு தூங்காமல் இருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள், "அந்த இடத்துல எம்பாட்டு இருந்திருந்தா எப்படிக்கா இருந்திருக்கும்?"

"எடுபட்டிருக்காது."

சாப்பிட்டேன். ரசம் ஊற்றி மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு அம்மா போய்விட்டாள். அண்ணன் வந்து எல்லாரையும்விட அதிகமாக அழுதார். மகேசு அழவில்லை, கட்டிலைக் கழுவி வெயிலில் வைத்தாள். இனி அவளைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. போ என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாட்டை எடு, வாத்தியாரிடம் போவோம், நான் சொன்னது பொய் என்று சொல்கிறேன், வா… இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. கம்பெனியில் சொல்லி என் மேஜையிலேயே வேலை வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். தங்கச்சியைக் கைவிடவில்லை என்று.

படத்துக்கும் பாட்டுக்கும் இப்போது நான் எதுவும் சொல்வதில்லை. கேட்டால் தலைவலி என்பேன். அடக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

மகேசு நன்றாகச் செக்கிங் செய்கிறாள். கண் கூர்மை. அவள் முணுமுணுத்து நான் கேட்டு நாளாகிறது.

போன வாரம் நடந்தது இது. பொங்கலுக்குக் கம்பெனியில் பெண்கள் கும்மி அடிக்கப்போகிறார்கள். புதிதாக ஒரு பாட்டு வேண்டுமாம். நாலைந்து பேர் எங்கள் மேஜைக்கு வந்தார்கள். மகேசு முன்பு பாட்டுக் கட்டுவாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்கக்கா, எங்களுக்கு ஒரு பாட்டுக் கட்டிக் குடுங்களேன்" என்றாள் ஒருத்தி.

மகேசு சிரித்தாள். "எனக்கு வராதுங்க கண்ணு. ஒருக்கா எழுதிப்போட்டு ஊர் வாயில விழப் பார்த்தேன். எங்கக்கா இருக்கப்போய்த் தப்பிச்சேன். இல்லீன்னா சபையில மானம் போயிருக்கும்" என்றாள்.

சொல்லும்போது அவள் குரலில் நன்றி இருந்தது. நிஜமான நன்றி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உள்ளே வேறு எதுவும் இல்லை.

அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். மகேசுவும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்படித்தானேக்கா?"

"ஆமா" என்றேன்.